வாடகை அறையின் தரை

பெல்மதுளை,
14.06.1998

அன்புள்ள அம்மாவுக்கு,

நம் கிணற்றுத் தண்ணீர் கலங்கியிருக்கிறது. மழை விட்டு எட்டு நாளாகியும் தெளியவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

பின் அறையில் வாடகைக்கு இருக்கும் மூக்கையா அண்ணன் வேலை செய்த மாணிக்கக் குழிக்குள் தண்ணீர் வந்து, வேலையை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து பகலெல்லாம் அவர் அறைக்குள்ளேயே இருக்கிறார். அவர் மனைவி விஜயகலா அக்கா ரேடியோவைச் சத்தமாகப் போடுகிறார். ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, பாட்டுக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். முந்தாநாள் தேங்காய் கொடுக்கப் போனேன். கட்டிலை நகர்த்தி, சீமெந்துத் தரையை உடைத்து, இடுப்பளவுக்குக் குழி வெட்டியிருக்கிறார். சுவரில் ஆணி அடிக்க விடாதே என்று எழுதியிருந்தீர்கள். ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை அம்மா.

"தங்கச்சி, பக்கத்து வளவுல கல்லு எடுத்தவங்க வேன் வாங்கிட்டாங்க. அந்தக் கல்லு இருக்கிற மண்ணு இங்கயும் அடியில ஓடுது. நிலத்துக்காரங்க பங்க நான் ஏமாத்த மாட்டேன். அம்மாவுக்கு எழுதிக் கேளுங்க" என்றார்.

அப்பா நேற்று றக்வான தோட்டத்து வேலையிலிருந்து லீவில் வந்தார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே அவர்களை வெளியே அனுப்பிவிடுவார். நீங்கள் ஆறு வருடம் உழைத்து வாங்கிய வீடு. நான் என்ன சொல்லட்டும்? எனக்குப் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மகள்,
துஷ்யந்தி


குவைத்,
05.07.1998

என் கண்ணு துஷ்யந்திக்கு,

நீ சாப்பிடுகிறாயா? எழுதவே இல்லை.

உன் கடிதம் கிடைத்தது. கேட்காமல் தரையை உடைத்தது பெரிய தப்பு. குடும்பஸ்தர் என்று நம்பித்தான் அறை கொடுத்தேன். ஆனால் இரண்டு நாள் யோசித்தேன் மகள். நான் வேலை செய்யும் வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார். என் முழங்கால் முன்னைப் போல் இல்லை. மூன்று மாடி ஏறி இறங்க வேண்டும். ஒரு நல்ல கல் கிடைத்தால் அடுத்த மாதமே வந்துவிடுவேன். நான் இங்கே வந்ததால்தான் நீ ஒன்பதாம் வகுப்போடு நின்றாய். அது என் மனதை விட்டுப் போகவில்லை.

தோண்டட்டும் என்று சொல். பங்கை மட்டும் முன்பே பேசிக்கொள். அப்பாவுக்கு இப்போது தெரிய வேண்டாம்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா புஷ்பம்


பெல்மதுளை,
26.07.1998

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மூன்று முறை படித்தேன். அடுத்த மாதம் என்று எழுதிய இடத்தை இன்னும் அதிக முறை. நீங்கள் வருவதில் எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதீர்கள்.

உடனே சொல்லலாம் என்று பின் அறைக்குப் போனேன். பதில் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. குழி இப்போது அவர் தலைக்கு மேல் போய்விட்டது. மண் சரியாமலிருக்கப் பக்கங்களுக்கு மரம் கட்டவில்லை. மரம் கொண்டுவந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், அனுமதிப் பத்திரம் இல்லாததால் பொலிஸ் வரும் என்று பயம். அக்கா வயிற்றைச் சாய்த்துக்கொண்டு மண் வாளியை இழுத்தார். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு பக்கம் சரிந்து அண்ணனை முழங்கால்வரை மூடிற்று. அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வாளிக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார், அதைப் பிடித்து அவரைத் தூக்கிவிடலாம் என்பதுபோல.

"அம்மா என்ன எழுதியிருக்காங்க?" என்று அண்ணன் குழிக்குள்ளிருந்து கேட்டார்.

உங்கள் கடிதம் என் கையில்தான் இருந்தது.

"வேணாம்னு எழுதியிருக்காங்க அண்ணே. மூடிருங்க. அறைய விட்டுப் போகச் சொல்லல."

இன்னும் நான்கு அடிதான், அதற்குள் கல் மண் வந்துவிடும் என்று அவர் கெஞ்சினார். நான் அசையாமல் நின்றேன். அக்காதான் முதலில் வாளியைக் கீழே வைத்தார்.

உங்கள் பெயரில் பொய் சொல்லிவிட்டேன் அம்மா. திட்டி எழுதுங்கள். மேடமிடம் சரி என்று சொல்லிவிடுங்கள். முழங்காலுக்குத் தைலம் வாங்கி, குவைத்துக்குப் போகிறவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நேற்று வந்த அப்பாவிடமும் எல்லாம் சொன்னேன். கத்தினார். பிறகு குழியைப் பார்த்துவிட்டு, அவர்களைப் போகச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். இன்று காலை மூக்கையா அண்ணன் தோண்டி அடுக்கியிருந்த மண் மூட்டைகளை அவிழ்த்துக் குழிக்குள் கொட்டத் தொடங்கினார். அக்காவைக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு, மண்வெட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

துஷ்யந்தி