ஒரு கிலோ மெழுகுக்கு எத்தனை கிராம் செண்பகம்

1 ஆகஸ்ட் 2025, வெள்ளி

அம்மா இன்றைக்கும் கண்ணளவில்தான் ஊற்றினார். ஒரு கிலோ மெழுகு உருகி நிற்கிறது. செண்பக வாசனை எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், "பத்தலயே" என்று மறுபடியும் கவிழ்க்கிறார். நான் போத்தலை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தேன். நூற்று முப்பது கிராம். பதின்மூன்று சதவீதம்! மெழுகு வாங்கிய கடையில் கொடுத்த தாளில், பத்துக்கு மேல் போகக்கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. காட்டினேன்.

"மெழுகு விக்கிறவனா எங்கிட்ட மெழுகுவத்தி வாங்குறான்?" என்றார்.

பெரியப்பா மகள் காஞ்சனா அக்காவுக்கு 31ஆம் தேதி கூலிமில் கல்யாணம். வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்ப இருநூறு மெழுகுவர்த்தி கேட்டிருக்கிறார், சின்னக் கண்ணாடிக் கிளாஸில். அம்மாவுக்கு இதுவரை வந்த பெரிய ஆர்டரே இருபதுதான். இருநூறு வீட்டுக்கு அம்மா பெயர் போகப்போகிறது. அது கெட்டுப்போக நான் விடமாட்டேன்.

அம்மா குளிக்கப் போனதும் நானே மூன்று கிளாஸ் ஊற்றினேன். நாலு சதவீதம், ஆறு, எட்டு. நிறுத்து, இரண்டு நிமிடம் கலக்கி, அடியில் எண் எழுதி. ஒரு வாரம் ஆறவேண்டும்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

வெள்ளி, சனி லீவு முடிந்து இன்று பள்ளி. வேனில் ஏறினதும் கூடப் படிக்கிற யோகேந்திரன்: "ஏய், கட்டிப்பால் வந்திருச்சு. ஜன்னலத் தொறங்க lah!"

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் ரப்பர் ஸ்டோர். மரத்துக் கோப்பையில் உறைந்த ரப்பர்ப்பாலைக் கட்டி கட்டியாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். அழுகின வாடை அடிக்கும், ஆம். அப்பா அங்கேதான் வேலை செய்கிறார்.

வேன் ஓட்டும் பிச்சை அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "ஏண்டா, ஒன் தாத்தா தோட்டத்துல ரப்பர்ப்பால் வெட்டாம ரோசாப்பூவா வெட்டுனாரு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு புத்தகத்தைத் திறந்து, பள்ளி வரும்வரை ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

அம்மாவின் பதின்மூன்றை இன்று ஏற்றினோம். மேலே முத்து முத்தாக எண்ணெய், வியர்த்த நெற்றி மாதிரி. சுடர் எகிறி எகிறிக் குதித்தது, கரும்புகை. கால் மணி நேரத்தில் கிளாஸ் டப் என்று விரிசல் விட்டுவிட்டது.

"பாத்தீங்களாம்மா!" என்று கத்திவிட்டேன். அந்தத் தொனியில் கத்தியிருக்க வேண்டாம்.

அம்மா துடைத்துக்கொண்டே, "படிச்ச புள்ள, நீயே சொல்லு. எவ்ளோ?" என்றார்.

என் மூன்றையும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். நாலில் ஒன்றுமே இல்லை, வெறும் மெழுகு. ஆறில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். எட்டில்தான் செண்பகம் தெரிந்தது. அம்மாவுக்கும் அதே.

எட்டு. நான் ஜெயித்தேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

ஜெயிக்கவில்லை.

பெருமை அடிக்கத்தான் மூன்றையும் அறிவியல் மன்றத்துக்குக் கொண்டுபோனேன். டீச்சர் சோதனைக்கூடத்தில் ஏற்ற விட்டார். பத்து பத்து நிமிடம், நடுவில் ஜன்னலைத் திறந்து காற்று. எது எத்தனை என்று யாருக்கும் சொல்லவில்லை. எட்டை ஏற்றியதும் ஆயிஷா தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். யோகேந்திரன், "யாரு சென்ட் கடையக் கொளுத்துனது?" என்றான். எது பிடித்தது என்று பதினான்கு பேர் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பதினொருவர் நாலுக்கு.

அதைவிட மோசம், எனக்கே நாலு நன்றாகத் தெரிந்தது! வீட்டில் வெறும் மெழுகாக இருந்த அதே கிளாஸ், செண்பக மரத்தடியில் நிற்கிற மாதிரி மணந்தது.

நூலகத்தில் தேடிப் படித்தேன். எப்போதும் இருக்கிற வாடையை மூக்கு சொல்வதை நிறுத்திவிடுமாம். கடுமையான வாடைக்கு நடுவில் மெல்லிய வாசனையும் அமுங்கிப்போகுமாம். ஸ்டோர் வாடைக்குள்ளேயே உட்கார்ந்து நானும் அம்மாவும் அளவு பார்த்திருக்கிறோம். நிறுத்தது சரி. எட்டு என்று முடிவு சொன்னது என் மூக்கு, அம்மாவைப் போலவே.

12 ஆகஸ்ட், செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன்.

"போன வாரம் எட்டுக்குச் சண்ட போட்ட. இன்னிக்கி நாலா? நாளைக்கி ரெண்டுன்னுவ."

காரணத்தையும் சொன்னேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டார்.

"அப்ப நம்ம மேல வாட அடிக்குதுங்கிற."

நான் எங்க அப்டிச் சொன்னேன்? சொல்லவே இல்ல!

"நான் எதுக்கு அவ்ளோ ஊத்துறேன்னு நெனக்கிற? நம்ம வீட்ல செஞ்சது நம்ம வீடு மாதிரி மணக்கக் கூடாதுன்னுதான். கல்யாணத்துக்கு வர்றவங்க மூக்கச் சுளிச்சா நான் எங்க போய் நிக்கிறது?"



13 ஆகஸ்ட், புதன்

அம்மா சோறு மட்டும் போட்டார்.

14 ஆகஸ்ட், வியாழன்

வாடை அடிக்கிறது. அடிக்கட்டும். அப்பா அதில் நின்றுதான் நாங்கள் சாப்பிடுகிறோம். இதற்காக நான் ஏன் குனிய வேண்டும்? நான் குனியமாட்டேன். அம்மாவையும் குனிய விடமாட்டேன். யோகேந்திரனுக்குப் பயந்து ஒரு சொட்டு எண்ணெய்கூட அதிகம் ஊற்றமாட்டோம்.

ஆனால் அம்மா என் தாளையும் நம்பமாட்டார், பதினான்கு பேரையும் நம்பமாட்டார். யாரை நம்புவார்? அவரையே கேட்கவேண்டியதுதான்.

15 ஆகஸ்ட், வெள்ளி

எட்டையும் நாலையும் பையில் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா, கூலிமுக்குப் போவோம். காஞ்சனா அக்கா ரிப்பன் கலர் பாக்கணுமாம்" என்றேன். பொய் இல்லை, பாதி உண்மை.

அம்மா மூக்கிலிருந்து ஸ்டோர் வாடை போகட்டும் என்று, வேண்டுமென்றே ரிப்பன் பேச்சை இரண்டு மணி நேரம் இழுத்தேன். அக்கா வீட்டில் ஏர்கோன் குளிர். பிறகு எட்டை ஏற்றினேன். அம்மா மூன்று தும்மல் போட்டார். அக்கா, "ஐயோ சித்தி, மாப்ள மண்டபத்த விட்டு ஓடிருவாரு!" என்றார். ஜன்னலைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து நாலு.

அம்மா கிட்டப் போய் முகர்ந்தார். "இதுவா நாலு?" என்றார். கிளாஸைத் திருப்பி அடியில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார்.

பஸ் பிடித்து ஊர் திரும்பினோம். கரங்கானில் இறங்கி எங்கள் சந்துக்குள் திரும்பினதும் அம்மா சட்டென்று நின்றார். மூச்சை இழுத்தார்.

"ம். வாட வருதுதான்," என்றார். "எத்தன வருசமா இப்டியே வருது!"

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. நடுச்சந்தில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

16 ஆகஸ்ட், சனி

ஒரு கிலோவுக்கு நாற்பது கிராம். பன்னிரண்டு சட்டி. அம்மா ஊற்ற நான் தராசில் எண்ணைப் படித்தேன். ஒன்பதாவது சட்டியில் பழைய கை ஒருமுறை சாய்ந்துவிட்டது, நாற்பத்தேழு. நான் வாயைத் திறக்குமுன், "கத்தாத. இதுக்கு எவ்ளோ மெழுகு சேக்கணும், கணக்குப் போடு" என்றார். நூற்று எழுபத்தைந்து கிராம். சேர்த்தோம்.

ஊற்றி முடித்த கிளாஸில் மூக்கை வைக்கப் போனேன். கையில் அடி விழுந்தது. "மோந்து பாக்காத. நம்ம மூக்குக்கு இங்க வேல இல்ல."

31 ஆகஸ்ட், ஞாயிறு

மண்டபத்தில் யாருக்கும் தலை வலிக்கவில்லை. ஒரு கிளாஸ்கூட வியர்க்கவில்லை, காலையிலேயே இருநூறையும் பார்த்துவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு, அலோர் ஸ்டாரிலிருந்து வந்த ஓர் அம்மா கிளாஸை முகர்ந்தபடியே எங்களிடம் வந்தார். "என் மகளுக்கு தையில கல்யாணம். இது யாரு செஞ்சது? வீடு எங்க?"

நான் "கரங்கான்" என்று ஆரம்பித்தேன். அம்மா என் கையை அழுத்தி முன்னால் வந்தார்.

"நான்தான் செஞ்சேன். அட்ரஸ்லாம் வேணாம்க்கா. கரங்கான் வந்து, மூக்கப் புடிக்கத் தோணுற எடத்துல வண்டிய நிப்பாட்டுங்க. பக்கத்து வீடுதான் நம்ம வீடு."