வலிக்காத கால் முதலில்

என்னங்க, நீங்களும் பாப்பாவும் சுகந்தானே? எனக்கு ஒரு குறையுமில்லை. இந்த ஊர்ச் சாப்பாடுதான் இன்னும் பழகவில்லை.

இன்று ஆஸ்பத்திரியில் மூட்டுவாதம் வந்த ஐந்து வயதுக்காரிக்கு ஸ்கேன் எடுத்தேன். பயம் தெளியட்டுமென்று வலிக்காத முழங்காலில்தான் முதலில் ஜெல் தடவுவேன். "அது நல்ல காலு ஆன்ட்டி, உங்களுக்கு ஒண்ணுமே தெரியல!" என்று சிரித்தாள். மற்ற முழங்காலில் நீர் கோத்திருந்தது.

"விடிஞ்சா நொண்டுவா. ஸ்கூலுக்கு டிமிக்கினு நெனச்சு அடிச்சிட்டேனே," என்று அவள் அம்மா அழுதாள்.

நீங்கள் அனுப்பிய வீடியோவில் நம் பாப்பா ஒவ்வொரு படியிலும் இடது காலையே முதலில் இறக்குகிறாள். வலிக்கிற காலைத்தான் அப்படி முதலில் இறக்குவார்கள். பதினோரு தடவை பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் தூங்கி எழுந்ததும் இரண்டு முழங்காலையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாக இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். முதலில் வலது காலைத் தொடுங்கள்.