நாத்தனாருக்கு வீடு காட்டிய நாள்

ஆடி 27, வியாழன்

விடிந்ததிலிருந்து காற்று. மேற்கே மலையில் மழை போல. இங்கே தூசி மட்டும். லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் தேனியிலிருந்து ஊருக்கு. கீழ்க்கட்டு கூட்டிக் கழுவியாயிற்று. மச்சில் வௌவால் எச்சம். நாளைக்கு.

ஞாயிறு வருவது: மெர்சி, வசந்தா. என்னைப்போல நர்சுகள், என் வார்டு. பழைய வீட்டைப் பார்க்க வேண்டுமென்று வெகுநாள் நச்சரிப்பு. அப்புறம் ராஜாமணி மதினி. செத்துப்போன என் வீட்டுக்காரரின் அக்கா.

வாங்க: பினாயில், வாழை இலை, காபித்தூள், பல்பு. கறிக்கடையில் முன்னாலேயே சொல்லிவைக்க.

மதினியை ஏன் கூப்பிட்டேன்? இதில் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள். அவர் பிறந்து வளர்ந்த வீட்டை, புது ஆளுக்குக் காட்டுவதுபோல நான் அவருக்குச் சுற்றிக் காட்ட வேண்டும். "இதான் சமையக்கட்டு. குனிஞ்சு வாங்க மதினி, நெலை இடிக்கும்." பாத்திரம் விளக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக வருகிறது.

சொத்துக் கேஸ் முடிந்து வீடு என் மகள் காவ்யா பெயருக்கு ஆனபின் அவர் இந்தத் தெருப்பக்கமே வரவில்லை. போனில் கூப்பிட்டதும் "வாரேன்த்தா" என்றார். ஒரு வார்த்தை யோசிக்கவில்லை. அதுதான் உறுத்தல்.

ஆடி 29, சனி

மச்சு முடிந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று.

கோயம்புத்தூரிலிருந்து காவ்யா போன். "ஏம்மா, வீடுதான் வந்துருச்சுல்ல. இன்னும் என்னத்துக்கு?"

"நீ அப்பக் கைப்பிள்ள. ஒனக்கு என்ன தெரியும்?"

"நீ சொல்லிச் சொல்லி எல்லாம் தெரியும்மா."

போனை வைத்துவிட்டேன். மாப்பிள்ளையை விசாரிக்க மறந்துபோயிற்று.

நீலக் கைத்தறிச் சேலை. இஸ்திரி போட்டாயிற்று.

ஆடி 30, ஞாயிறு

காற்று குறையவில்லை. கறி நேரத்துக்கு வந்தது. இலை சிறிசு, பரவாயில்லை.

மெர்சியும் வசந்தாவும் பத்து மணி பஸ். மதினி காரில், தனியாக. தலை பாதி வெள்ளை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிலையைத் தொட்டுக் கும்பிட்டார். நான் எதிர்பார்க்கவில்லை.

ஆரம்பித்தேன். "வாங்க மதினி, வீட்டச் சுத்திக் காட்டுறேன்."

முகத்தில் ஒன்று ஓடி மறைந்தது. பார்த்துவிட்டேன். "காட்டுத்தா" என்றார்.

முற்றம், நெல் குதிர், சாமி அறை. சமையல்கட்டில் அந்த வாக்கியத்தையும் சொன்னேன். குனிந்தே வந்தார். அதுவரை எல்லாம் என் கையில்.

கெட்டது ஏலக்காய் அறையில்தான். பூட்டைத் திறந்ததும் வாசனை. மூட்டை வந்து எத்தனையோ வருஷம், சுவர் இன்னும் விடவில்லை. வசந்தா மூச்சை இழுத்தாள். மதினி பேச ஆரம்பித்தார்.

"மலையில இருந்து ஜீப்பு வரும். ராத்திரி மூட்டய எறக்குவாக. நானும் தம்பியும் மூட்ட மேலயே ஏறிப் படுத்துக்குவோம். காலையில பள்ளிக்கூடத்துல எங்க பக்கத்துல ஒக்காரச் சண்ட. அம்புட்டு மணக்கும்."

சிரிப்பு. மெர்சி போனில் படம் எடுத்தாள், அவரை. அதற்குப்பின் எந்தக் கேள்வியும் எனக்கு வரவில்லை. "இந்தத் தேக்கு எங்கன இருந்து வந்துச்சு மதினி?" வசந்தாவுக்கும் மதினியாகிவிட்டார். வீடு என்னுடையது, சாவி என் இடுப்பில். நான் கடைசி ஆளாகப் படியேறினேன். காந்தியது.

மச்சில் மெர்சி என்னைக் காட்டி மதினியிடம் கேட்டாள்: "சாந்தி எந்த ரூம்ல இருந்தா?"

நான் வாயைத் திறக்குமுன் மதினி: "அவ இங்கன ரொம்ப நாளு இல்லத்தா. அவளுக்கு நர்சு வேல கெடச்சுருச்சு, போயிட்டா."

இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் போலிருக்கிறது. கத்தவில்லை. டூட்டி மாறும்போது கேஸ் சொல்வதுபோலச் சொன்னேன்.

"இந்த ரூம்தான் மெர்சி. எஸ்டேட் ரோட்டுல ஜீப்பு கவுந்து அவுக போனாக. கருமாதி முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் மதினி ஏறி வந்தாக. தாலி அறுத்தவ இருந்தா வீட்டுல இன்னும் என்னென்ன போகுமோன்னாக. என் பெட்டிய அவுகளே தூக்கிட்டுப்போயி தெருவுல வச்சாக. பிள்ளைக்குக் காய்ச்சல். விடிஞ்சு போறேன்னு கேட்டேன். விடல. வேல எல்லாம் அப்ப இல்ல. பெறகு படிச்சு வாங்குனது."

ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. வசந்தா போய் அதைச் சாத்தினாள். வேறு என்ன செய்வாள்.

"அம்மா சொன்னாக. நான் செஞ்சேன்" என்றார் மதினி.

"அத்தை படுத்தபடுக்கையாக் கெடந்தாக. அவுக ஒண்ணும் சொல்லல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகையா வேர்வையா, தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. நல்ல பசி.

சாப்பிட மாட்டார் என்று நினைத்தேன். சாப்பிட்டார். இரண்டாம் சோறும் வாங்கினார். கை கழுவக் கிணற்றடிக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் வந்த காரியம் அப்போதுதான் தெரிந்தது.

"நிவேதாவுக்கு ஆவணி இருபது முகூர்த்தம்." நிவேதா அவர் மகள். "மாமன்னு சொல்ல எந்தம்பி இல்ல. மாமன் வீட்டுச் சீரு வரலைன்னா மாப்ள வீட்டுக்காரக கேப்பாக. என் பெறந்த வீடுன்னா இப்ப நீங்கதான். செய்யி சாந்தி."

கை கூப்பவில்லை, ஆனால் கூப்பியமாதிரிதான். முடியாது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவரே:

"காவ்யாவும் மாப்ளயும் சீரு எடுத்து முன்னாடி வரட்டும். நீ... கொஞ்சம் பின்னாடி வந்துக்கத்தா. தப்பா நெனைக்காத. நல்ல காரியம், அதுக்குச் சொல்றேன்."

"சரிங்க மதினி" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவ்வளவு இனிப்பு.

ஆடி 31, திங்கள்

பகல் டூட்டி. கூட்டம். ஒரு பாம்புக்கடி, பிழைத்துக்கொள்வான்.

மெர்சி: "அவுக மொகம் செத்துப்போச்சு சாந்தி. போதும்ல? மன்னிச்சு விட்டுரு."

"ஒன் பைபிள ஒன் வீட்டுல வச்சுக்க."

சிரித்தாள். இவளுக்கென்ன, படம் பிடித்துக்கொண்டு நின்றவள். வசந்தா அந்த ஏலக்காய்க் கதையைத் தியேட்டர் நர்சுகளிடமும் சொல்லியிருக்கிறாள். எரிச்சல்.

ஆவணி 12, சனி

அரக்குப் பட்டு எடுத்தேன், பெரிய கரை. எனக்கு. கடைக்காரப் பெண் "கல்யாணப் பொண்ணுக்காக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

சீர்: நிவேதாவுக்குப் பட்டு, மாலை, மஞ்சள் குங்குமம், தேங்காய் பழம், பன்னீர்த் திராட்சை ஒரு தட்டு, வளையல். மேளம் சொல்லியாயிற்று. குறை சொல்ல ஒன்றும் இருக்கக் கூடாது. நிவேதா மேல் எனக்கு ஒன்றுமில்லை.

காவ்யாவிடம் சொன்னேன், முன்னால் நான்தான் வருவேன் என்று. "சரிம்மா. நான் பின்னாடி தட்டு தூக்கிட்டு வாரேன்."

ஆவணி 20, ஞாயிறு

வெயில். கம்பத்தில் மண்டபம். மதினியின் வீட்டுக்காரர் பக்கத்து ஆட்களே பாதிக் கூட்டம்.

தெருமுனையில் மேளக்காரர் கேட்டார்: "சீருத் தட்டோட முன்னாடி யாரும்மா வர்றாக?"

"நான்தான்."

அரக்குப் பட்டு. தலை நிறையப் பூ. கையில் மாலைத் தட்டு. காவ்யாவும் மாப்பிள்ளையும் பின்னால். இடையில் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "அறுத்தவ இல்ல இவ?" காதில் விழவேண்டும் என்றே சொன்னாள். நடையை மாற்றவில்லை.

மண்டப வாசலில் மதினி, ஆரத்தியுடன். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. கண் காவ்யாவைத் தேடியது. காவ்யா தலையைக் குனிந்துகொண்டாள். மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"சீரு வாங்கிக்கங்க மதினி" என்றேன்.

மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி: "இதுக்குத்தானா சாந்தி."

"ஆமா."

சுற்றினார். தட்டு ஆடி ஆரத்தித் தண்ணீர் என் சேலைக் கரையில் கொஞ்சம் சிந்தியது. குங்குமத்தை எடுத்தவர், வைக்காமல் நின்றார். நான் நெற்றியைக் காட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவசரம் இல்லை எனக்கு. வைத்தார். பொட்டு கோணல், புருவத்தில் பட்டுவிட்டது. துடைக்கவில்லை.

மேடையில் நிவேதா என் காலில் விழுந்தாள். தூக்கிவிட்டேன். ஜாடை அப்படியே என் வீட்டுக்காரர். அப்போது மட்டும் பிடித்த கையை விட மனசு வரவில்லை.

பந்தியில் முதல் வரிசை. பருப்பு, அவியல், எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. சீர்க்காரர்களுக்கு வீட்டார்தான் பரிமாற வேண்டும். மதினி வந்தார், வாளியும் கரண்டியுமாக. பாயசம் இன்னொரு தடவை கேட்டு வாங்கினேன்.