பின்பாதி உன்னிடம் இருந்தது

வாயைத் திறக்காமல் இருந்தது போதும். உன் வீட்டோடு எங்களுக்குப் பேச்சில்லை, ஆகவே உன்னோடும் பேச்சில்லை என்று இத்தனை காலம் இருந்துவிட்டேன். கேட்க நீ இல்லை என்றான பிறகுதான் எழுத உட்கார்கிறேன். இப்படித்தான் எனக்கு எல்லாமே நேரம் தவறி வருகிறது.

நேற்று மதியம் கோர்ட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் போண்டா வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளில் எண்ணெய் ஊறி எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஏதோ பயிற்சி மையத்தின் பழைய வினாத்தாள், சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கானது. 'ஆறு வழக்கறிஞர்கள் ஒரு வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள்' என்று தொடங்கியது. போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது நிபந்தனை இருந்த இடம் கிழிந்து போயிருந்தது. மீதித் தாளை அந்தக் கடைக்காரனிடம் கேட்கலாமா என்று நினைத்தபோதுதான் ஊரிலிருந்து என் தம்பி போனில் கூப்பிட்டான்.

"அண்ணா, அவிங்கூட்டுல மூத்தவன் காலைல தவறிட்டானாமுங்க. பங்காளித் தீட்டு, தலைக்குத் தண்ணி ஊத்திக்குங்க. போகவெல்லாம் வேண்டாமுங்க."

பேச்சு இல்லாத பங்காளிக்கும் தீட்டு உண்டு. துக்கத்துக்குப் போய் ஓரமாக நிற்கக்கூடாது, ஆனால் தலைக்குக் குளித்தாக வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரென்று தெரிந்தால் ஒரு நோட்டீஸ் அனுப்பலாம். குளித்துவிட்டு வந்தேன். தாள் மேசைமேல் இருக்கிறது. அறையெல்லாம் எண்ணெய் வாடை.

எண்பதுகளின் கடைசி. பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பெங்களூரில் ஐந்து வருடச் சட்டப் படிப்பு வருகிறது, அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு, அதில் மனப்பாடம் உதவாது என்று கேள்விப்பட்டேன். என்ன கேட்பார்கள் என்று நாமக்கல்லில் ஒருவருக்கும் தெரியவில்லை. சேலத்துக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளில் தேடினேன். அமெரிக்காவில் சட்டக் கல்லூரியில் சேர எழுதும் தேர்வுக்கான வழிகாட்டி ஒன்று கிடைத்தது. தடித்த புத்தகம், முதுகு பிளந்து முன்பாதி மட்டும் இருந்தது. எல்லாம் கேள்விகள். விடையும் விளக்கமும் பின்பாதியில்.

"பின்னாடி பாதி எங்கீங்க?" என்று கேட்டேன். கடைக்காரர் என் ஊரைக் கேட்டுக்கொண்டு சொன்னார்.

"போன வாரந்தான் ஒரு தம்பி வாங்கீட்டுப் போனாருங்க. உங்க ஊருப் பேரத்தான் சொன்னாரு. செவ்வாய்ப்பேட்டைல மொளகா மண்டி, அவரு மாமன் கடையாமா."

கேட்டதும் தெரிந்துவிட்டது, அது நீ. நம் இரண்டு வீடுகளும் பேசாமல் சில வருடம் ஆகியிருந்தது. நம் தாத்தாக்கள் அண்ணன் தம்பி, அவர்கள் சேர்ந்து வெட்டிய கிணறு இரண்டு தோட்டத்துக்கும் பொது. கோடையில் தூர் வாரியதும் ஊறும் முதல் தண்ணீர் மூத்தவர் வழியான எங்களுக்கு என்பது அப்பாவின் வாதம். அப்படி ஒரு முறையே கிடையாது என்பது உன் அப்பாவின் வாதம். அந்தத் தகராறில் நீயும் நானும் ஒரே பஸ்ஸில் வந்தால்கூட ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவோம்.

மண்டி வாசலில் நீ மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாய். நான்தான் முதலில் பேசினேன், அதை எழுதி வைக்கிறேன்.

"பதிலெல்லாம் நீ வெச்சிருக்கறயாமா?"

"கேள்வியெல்லாம் நீ வெச்சிருக்கறயாமா? பதில மட்டும் படிச்சுப் படிச்சு எனக்குக் கிறுக்குப் பிடிக்குது. 'ஆகவே ஹெலன் வியாழக்கிழமை வர முடியாது'ங்குது. யாருடா அந்த ஹெலன், எதுக்கு வரமாட்டேங்கறா?"

சிரிக்கக் கூடாது என்று இருந்தேன். சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டி மூடியிருக்கும்போது உள்ளே உட்கார்ந்து படித்தோம். நான் கேள்வியைப் படிப்பேன், இருவரும் போடுவோம், நீ விளக்கத்தைப் படிப்பாய். மிளகாய் நெடியில் மாற்றி மாற்றித் தும்முவோம். உன் மாமா எட்டிப் பார்த்துச் சொன்னார், "உங்கூரு கெணத்துச் சண்டைய மட்டும் என்ற மண்டிக்குள்ள கொண்டாந்துராதீங்க சாமி. மொளகாயே போதும்."

ஆனால் நான் கொண்டுவந்திருந்தேன். எனக்கே தெரியாமல்.

அந்தக் கணக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஒரு மருத்துவமனைக்கு ஐந்து மருத்துவர்கள், திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒருவராக வருகிறார்கள். பீட்டர், ஹெலன், மேரி, ராபர்ட், ஜார்ஜ். பீட்டர் அவர்களில் மூத்தவர். மேரி புதன்கிழமை வருவார். ராபர்ட்டுக்கு மறுநாளே ஜார்ஜ். ஹெலன் ராபர்ட்டுக்கு முன்னால் ஏதோ ஒரு நாள் வருவார். அப்படியானால் திங்கட்கிழமை யார்?

"பீட்டர்," என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

நீ பின்பாதியைப் புரட்டினாய். "தப்பு. இத வெச்சுச் சொல்ல முடியாதுன்னு போட்டிருக்குது."

"எப்படித் தப்பாகும்? புதன் மேரிக்குப் போச்சு. ராபர்ட்டும் ஜார்ஜும் ஒட்டி வரணும், ஹெலன் முன்னாடி வரணும். அப்ப வியாழன் ராபர்ட், வெள்ளி ஜார்ஜ். மிச்சம் பீட்டரும் ஹெலனும். பீட்டர் மொதல்ல."

"எதுக்குப் பீட்டர் மொதல்ல? ஹெலன் திங்கட்கெழம வந்தா என்ன?"

"பீட்டர் மூத்தவன்டா. கேள்விலயே இருக்குது."

நீ மூட்டைமேல் சாய்ந்து அப்படிச் சிரித்தாய். "மூத்தவன்னுதான சொல்லீருக்குது? மூத்தவன் மொதல்ல வருவான்னு எங்க சொல்லீருக்குது? அமெரிக்காக்காரன் ஆசுபத்திரிக்கு உங்கூட்டுத் தண்ணி மொறைய மாட்டி உடறயேடா!"

கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து நான் போட்டிருந்த பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்தேன். தப்பான கணக்கு ஒவ்வொன்றிலும் அதே வேலையைச் செய்திருந்தேன். தலைவர் என்று ஒருவர் இருந்தால் அவரை நடுவில் உட்கார வைத்திருந்தேன். அண்ணன் தம்பி என்று வந்தால் அண்ணனை முன்னால் நிறுத்தியிருந்தேன். கேட்காத ஒரு நிபந்தனை எல்லாக் கணக்குக்குள்ளும் உட்கார்ந்திருந்தது. அது எனக்குத் தோட்டத்து வரப்பு மாதிரி, பார்க்காமலே நடந்துவிடுவேன். நீ இளையவர் வழியில் பிறந்தவன். அந்த வரப்பில் இடறி இடறி வளர்ந்தவன். அதனால் உன் கண்ணுக்குப் பட்டது.

பிறகு எந்தக் கேள்வியைப் படித்தாலும், விடை சொல்வதற்கு முன்னால் நீ ஒன்று கேட்பாய்: "சொல்லீருக்குதா, நீயா சேத்துனயா?" சில வாரத்தில் நீ கேட்பதற்கு முன் நானே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

பெங்களூருக்கு ஒரே பஸ்ஸில் போனோம், ஒரே ஜன்னல் பக்கம். தேர்வில் ஏழு பேர் ஏழு அறை என்று ஒரு கணக்கு. அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கை தானாக அவரை முதல் அறையில் போடப் போனது, நிறுத்தினேன். அந்த ஒரு கணக்கை நம்பி நான்கைந்து கேள்விகள் இருந்தன. எனக்கு இடம் கிடைத்தது. உனக்குக் கிடைக்கவில்லை. நீ எல்லா வழியையும் போட்டுப் பார்க்காமல் விடை எழுத மாட்டாய். நேரம் முடிந்தபோது கடைசிப் பக்கத்தை நீ திறந்திருக்கவே இல்லை. நம் இருவரில் தெளிவானவன் யார் என்று அந்தத் தேர்வு கேட்கவில்லை, வேகமானவன் யார் என்று கேட்டது. அந்தத் தேர்வின் மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு.

அந்தக் கோடையில்தான் கிணற்றுப் பேச்சை முடித்துவிடுவது என்று ஊரில் கூட்டம் போட்டார்கள். பால் சொசைட்டியில் மாலைப் பால் ஊற்றி முடித்த பிறகு பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். என் அப்பா ஒரு பக்கம், உன் அப்பா ஒரு பக்கம். பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. யாரோ ஒரு பெரியவர் உன்னைக் காட்டி, "பெங்களூரு போயிப் பரிச்ச எழுதுனவனாச்சே, நீ என்ன சொல்ற சாமி?" என்றார்.

நீ எழுந்து என் அப்பாவைப் பார்த்து நின்றாய். "பெரியப்பாவோட அய்யன்தானுங்க மூத்தவரு. அதுல ஒண்ணும் சண்டையில்லீங்க. மூத்தவங்களுக்குத்தான் மொதத் தண்ணின்னு ஆரு சொன்னாங்க? அத மட்டுந்தானுங்க கேக்கறேன்."

எல்லோரும் அப்பா பக்கம் திரும்பினார்கள். பின்னால் இருந்து ஒரு குரல், "அட, பெங்களூருக்காரங்க ஆள மாத்தி எடுத்துப்போட்டாங்களப்பா!" என்றது. கூட்டம் சிரித்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். வருடம் மாற்றி வருடம் முதல் தண்ணீர் என்று முடிவானது. அப்பா அதை ஏற்கவில்லை. கிணற்றுப் பக்கம் அப்புறம் போகவே இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்துத் தனியாக ஆழ்துளைக் கிணறு போட்டார். வந்தது உப்புத் தண்ணீர். அதைத்தான் சாகும்வரை பாய்ச்சினார்.

நான் பெங்களூர் புறப்பட்ட அன்று சேலம் பஸ் நிலையத்துக்கு நீ வந்தாய். கையில் பின்பாதி. ஜன்னல் வழியாக நீட்டினாய். "இது எனக்கெதுக்கு? முன்பாதிய மட்டும் வெச்சுட்டு நீ என்னடா பண்ணுவ?" நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீ அதை என் மடியில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றாய். பஸ் கிளம்பும்வரை நின்றாய். அன்று பேசாமல் இருந்ததற்கு நான் வருந்தவில்லை. என் அப்பா எழுந்து போனதைப் பார்த்தவன் நான்.

நீ ரிக் வண்டிகளோடு வடக்கே போனாய், திரும்பி வந்து மாமாவின் மண்டியை எடுத்துக்கொண்டாய். நான் படித்து முடித்துச் சேலத்திலேயே வக்கீல் தொழில் செய்தேன். செவ்வாய்ப்பேட்டையில் வேலை இருந்தால் மண்டித் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன்.

ஆனால் உன்னை ஒருநாளும் கோர்ட்டுக்கு வெளியே விட்டுவிட்டுப் போக முடிந்ததில்லை. தம்மம்பட்டிப் பக்கம் ஒரு கத்திக்குத்து வழக்கு. சாட்சி கூண்டில் நின்று அழுத்தமாகச் சொல்கிறான், அவன்தான் குத்தினான் என்று. நான் கேட்டேன், "கத்தி அவன் கையில் இருந்ததைப் பார்த்தீர்கள். அவன் குத்தியதைப் பார்த்தீர்களா?" "கத்தியத்தானுங்க பாத்தேன்" என்றான் சாட்சி. விடுதலையான பையனின் அம்மா வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லாருக்கோணும் சாமி" என்றாள். அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? அந்தக் கேள்வி ஒரு மிளகாய் மண்டியிலிருந்து வந்தது என்றா? கும்பிட்டுவிட்டு வந்தேன். என் தொழிலில் எனக்கு வந்த நல்ல பெயர் எதை எடுத்துப் பார்த்தாலும் அடியில் நீ இருக்கிறாய். அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று எத்தனையோ முறை தோன்றியது. பேச்சில்லை, அவ்வளவுதான்.

நான் யாரையும் எளிதில் மன்னிப்பவன் அல்ல. என் சீனியர் என்னை வளரவிடாமல் வைத்திருந்தார், என்னோடு படித்தவன் என் இடத்தில் அரசு வழக்கறிஞர் ஆனான் என்று ஒரு பெரிய வரிசையே எனக்கு உண்டு. நேற்று ராத்திரி அந்த வரிசையை உன் கேள்வியைக் கொண்டு ஓட்டிப் பார்த்தேன். சீனியர் பெரிய வழக்குகளை எனக்குக் கொடுக்கவில்லை, சரி. வேண்டுமென்றே கொடுக்கவில்லை என்பது நான் சேர்த்தது. சில பெயர்கள் அப்படி விழுந்தன. சில விழவில்லை, அவர்களை விட மாட்டேன்.

கடைசியாக உன் பெயர். நீ என் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாய் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். நினைவில் மறுபடி அந்தப் பால் சொசைட்டிக்குள் போய்ப் பார்த்தேன். சிரித்தது கூட்டம். நீ நின்றுகொண்டு அவர் பதில் சொல்வார் என்று காத்திருந்தாய். ஊர் முன்னால் அதைக் கேட்டாய் என்பது மட்டும்தான் மிச்சம். அது நடந்தது, அதற்கு எனக்கு வருத்தம் உண்டு. என் வாழ்க்கையை நீ ஒரு கேள்வியில் செய்து கொடுத்தாய் என்பதும் நடந்தது. ஒன்று உண்மை என்பதால் மற்றது பொய்யாகிவிடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு உன் சாவு வேண்டியிருந்திருக்கிறது.

முன்பாதியும் பின்பாதியும் என் அலமாரியில் சேர்ந்தே இருக்கின்றன. பைண்டிங் செய்யவில்லை.

இதை உன் வீட்டு விலாசத்துக்கு, உன் மனைவி பெயருக்கு அனுப்பப் போகிறேன். நாலு வரி படித்ததும் யார் எழுதியது என்று அவருக்குத் தெரிந்துவிடும், அது தெரியட்டும். ஆனால் பேச்சில்லாத வீட்டிலிருந்து பெயரோடு எது வந்தாலும், கல்யாணப் பத்திரிகை ஆனாலும் பலகாரம் ஆனாலும், அதைத் திருப்பி அனுப்பியாக வேண்டும் நம் பக்கத்தில். அவருக்கு விருப்பமில்லாவிட்டாலும் பங்காளிகள் விடமாட்டார்கள். பெயர் இல்லாததை யாருக்குத் திருப்பி அனுப்புவார்கள்? வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதனால் நான் கையெழுத்துப் போடவில்லை. காலையில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் சேர்த்துவிடுகிறேன்.