எட்டாம் நம்பரின் இடது கை

4 ஜூன் 2006
கழகக் கூட்டம். அடுத்த வருஷக் காலண்டரில் சாமி படம் வேண்டாம், நம்ம கழகத்தின் ‘எக்காலத்துக்குமான ஐந்து பேர்’ படத்தைப் போடுவோம் என்று தலைவர் மீரான் மைதீன் முடிவு பண்ணிவிட்டார். திருத்தங்கலில் நாங்கள் கூடைப்பந்து ஆட ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகிறது. டீ ஆறுவதற்குள் நாலு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். அதில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை, அதனால் சண்டை வரவில்லை. ஐந்தாவது இடம் ஒரு இடது கை ஆட்டக்காரருக்கு. கழகத்தில் இதுவரை அப்படி இரண்டே பேர். 1979-இல் ஆடிய சங்கிலிமுத்து, அதாவது நான். இப்போது ஆடுகிற எழில், அதாவது என் மகன்.

“தகுதி உள்ளவுகளுக்குக் குடுங்க” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தேன். தேர்வுக் குழுவில் நானும் இருக்கிறேன்.

5 ஜூன்
“பெத்த பிள்ளையோட மல்லுக்கு நிக்கிற மனுசன இப்பத்தான் பாக்கேன்” என்கிறாள் ராமுத்தாய். கட்டின பெண்டாட்டியிடம் ஒரு ஓட்டு வாங்க முடியவில்லை.

11 ஜூன்
மூன்று மணி நேர வாதம். 1979 இறுதி ஆட்டத்தில் நான் எடுத்தது பதினொரு புள்ளி. போன மாதம் எழில் எடுத்தது முப்பத்திரண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் அவன் கூடுதல்தான். ஆனால் மைதீன் பாய் விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருப்பவர். ஈரத்துக்குக் கழிவு, காம்புக்குக் கழிவு என்று பழகிய மூளை. “போன வருசச் சரக்கையும் இந்த வருசச் சரக்கையும் ஒரே தராசுல அப்பிடியே போட முடியாதுல்லா” என்று பேப்பரை எடுத்தார்.

நாங்கள் ஆடியது மண் தரை, அதற்குக் கூட்டு. வெறுங்காலோடு ஆடினோம், அதற்கும் கூட்டு. இவர்களுக்கு சிமெண்டுத் தரை, மூணு பாயிண்ட் கோடு, குளுக்கோஸ் தண்ணி, எல்லாவற்றுக்கும் கழிவு. முடிவில் நான் இருபத்தாறுக்கு ஏறினேன், எழில் இருபத்தேழுக்கு இறங்கினான். அந்த வருஷம் வெயில் அதிகம், அதையும் சேருங்கள் என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

இப்போதைய கோச் முனியராஜ் மட்டும், “இடது கையில போட்ட ஒத்தப் பந்த வச்சுக்கிட்டு எப்பிடிண்ணே?” என்றான். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “நான் பக்கத்துலயே நின்னேம்லே. இடது கையில சுண்டினான் பாரு, இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.”

அன்றைக்கு அவர் நின்றது வெளியே, தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில்.

12 ஜூன்
இந்த நோட்டில் மட்டும் எழுதிவைக்கிறேன். நான் இடது கைக்காரன் இல்லை.

1979-இல் பிரஸ்ஸில் பேஸ்டிங் பழகிக்கொண்டிருந்தேன். அடியில் லைட் எரிகிற கண்ணாடி மேசையில் பிலிமை வைத்து ஒட்டுகிற வேலை. இறுதி ஆட்டத்தில் நான் கடைசிப் பந்தைப் போட்ட போட்டோவைக் கழகம் காலண்டராக அடிக்கக் கொடுத்தது. என் படத்தை நானே ஒட்டுகிற சந்தோஷத்தில் பிலிமைத் திருப்பி வைத்துவிட்டேன். வலது கை இடது கையாகிவிட்டது. பனியனில் நம்பர் எட்டு. அதை எப்படித் திருப்பினாலும் எட்டுதான், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டாயிரம் தாள் ஓடிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. பெரிய முதலாளியிடம் சொன்னால் தோலை உரித்திருப்பார். “ஏலே, இடது கையிலயா போட்ட?” என்று யாரோ கேட்டார்கள். “அந்த ஒரு பந்து மட்டும்” என்றேன்.

அடுத்த ஆட்டத்தில் கூட்டம் முழுக்க “இடது கை, இடது கை” என்று கத்தியது. சரி என்று போட்டுப் பார்த்தேன். பந்து கூடையில்தான் விழுந்தது, முறுக்கு விற்கிறவர் கூடையில். மறுநாளே எனக்கு முழங்கால் வலி ஆரம்பித்தது. இருபத்தேழு வருஷமாக அதே வலி. பந்தைத் தொடவே இல்லை. தொடாததால் புகழும் குறையவில்லை.

25 ஜூன்
எழில் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், மறைப்பானேன். மூலையிலிருந்து இடது கையால் எட்டுப் பந்து போட்டான், ஏழு விழுந்தது.

குறை: முடி வெட்டவில்லை.

2 ஜூலை
வினை வந்துவிட்டது. ஐந்தாவது நானாக இருந்தால் படம் வேண்டும், பழைய காலண்டர் மங்கிப்போயிற்று என்று பாய் விருதுநகரில் ஸ்டூடியோக்காரர் பலவேசத்தைப் பிடித்து, பழைய பெட்டியைக் கிளறவைத்து, அந்த நெகட்டிவையே வாங்கிவிட்டார். பேஸ்டிங் பண்ணுகிறவன் நான்தானே, என் கையிலேயே கொடுத்தார்.

3 ஜூலை
மேசையில் வைத்துப் பார்த்தேன். வலது கை. இடது புஜத்தில் அம்மை குத்திய தழும்பு, இரண்டு வட்டம், இன்றைக்கும் இருக்கிறது. பழைய காலண்டரில் அது வலது புஜத்துக்குப் போயிருந்ததை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. முன்பு தெரியாமல் திருப்பியதை இப்போது தெரிந்தே திருப்பலாம். அரை நிமிஷ வேலை.

9 ஜூலை
எழில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோற்றுக்கு எல்லாருக்கும் வலது கைதான். ஆனால் டம்ளர், சாவி, பேனா, எல்லாமே அவன் வலது கையில்தான் எடுக்கிறான். இத்தனை வருஷத்தில் இன்றுதான் கவனித்தேன். “பந்து மட்டும் ஏண்டா இடது கையில?” என்று கேட்டேன்.

ராமுத்தாய் முந்திக்கொண்டாள். “எல்லாம் ஒங்களாலதான். எட்டு வயசுல அந்தக் காலண்டருக்கு முன்னால நின்னு நின்னு பழகினான். ஒரு வருசம் சோத்தாங்கைய இடுப்போட சேத்துத் துண்டால கட்டிவிடச் சொல்லுவான். நாந்தான் கட்டிவிடுவேன்.”

“அப்பா கை மாதிரி வரணும்னு நெனச்சேன்” என்று எழில் சிரித்தான்.

எந்த அப்பன் கைடா? இல்லாத ஒரு கைக்காக எம்பிள்ள ஒரு வருசம் இருக்கிற கையக் கட்டிப்போட்டிருக்கான். நான் எங்க போயிருந்தேன்? சீசன், ஓவர்டைம் — வீட்டுல என்ன நடக்குதுன்னு பாத்தேனா? ‘ரத்தத்துல வந்தது’ன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன், வெக்கங்கெட்ட பய.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நெகட்டிவை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். அதைப் பார்த்தான். என் புஜத்துத் தழும்பைப் பார்த்தான். கையைக் கழுவிவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

11 ஜூலை
பேசவில்லை.

13 ஜூலை
இன்னும் பேசவில்லை. ஐந்தாவது இடத்துக்கான போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று பாயிடம் எழுதிக் கொடுத்தேன். காரணம்: முழங்கால் வலி. காலண்டரில் நிற்பதற்கு முழங்கால் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

16 ஜூலை
விலகினால் விட்டுவிடுவார்களா? ‘மகனுக்கு வழிவிட்ட தந்தை’ என்று எனக்குச் சால்வை. ஐந்தாவது எழில். ஐந்து பேருக்கும் பின்னால், தாள் முழுக்கப் பெரிதாக என் படம், ‘கழகத்தின் முதல் இடது கை’ என்ற வரியோடு. ஒதுங்கப் போனவனை முன்பைவிடப் பெரிதாக்கிவிட்டார்கள்.

22 ஜூலை
சாயங்காலம் எழில் பட்டாசுக் கம்பெனி வேலையிலிருந்து நேராகப் பிரஸ்ஸுக்கு வந்தான். கை இரண்டிலும் அலுமினியப் பவுடர் வெள்ளி மாதிரி ஒட்டியிருந்தது. மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“எப்பிடிப்பா வைக்கப் போறீக?”

பதிமூன்று நாள் கழித்து அவன் பேசிய முதல் பேச்சு. “நீ சொல்லுலே” என்றேன்.

“நான் சொல்ல மாட்டேன்.”

‘முதல் இடது கை’ என்ற வரியை வெட்டி எடுத்துவிட்டு, பிலிமை உள்ளபடியே வைத்து ஒட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். “தழும்பு சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு
எல்லாப் பிரஸ்ஸிலும் புதுக் காலண்டர் ஆல்பம் போடுகிற நாள். எங்கள் காலண்டரும் வந்தது. உண்மை வெளியே வரட்டும், ஊர் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்கிறது என்று தயாராகத்தான் நின்றேன்.

மைதீன் பாய் தாளை விரித்தார். முகம் சிவந்தது. “ஏலே சங்கிலி, இம்புட்டு வருசமாப் படம் ஒட்டுற, ஒன் படத்தையே திருப்பி ஒட்டிட்டியேலே” என்றார். இடது கையை எப்படி வலது கையாக்கினாய், போட்டிருந்த வரி எங்கே போயிற்று, வெளியூரில் எவனாவது நம்புவானா என்று பொரிந்தார். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். “தப்பை மறைக்கக் கதை கட்டாத” என்று அடக்கிவிட்டார்.

எழில் குறுக்கே வந்தான். “மாமா, அப்பா சரியாத்தான் ஒட்டியிருக்காரு. தழும்பைப் பாருங்க.”

“அப்பனுக்கு வக்காலத்தாக்கும்” என்றார் பாய். எல்லாரும் சிரித்தார்கள். சின்ன முதலாளி தனியாகக் கூப்பிட்டு, “கண்ணு தெரியலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்லண்ணே” என்றார். 1979-இல் பயந்து தப்பித்த வசவு இன்றைக்குச் சரியாக ஒட்டியதற்காக மொத்தமாக வந்து சேர்ந்தது.

வீட்டில் எழில் பழைய காலண்டரை எடுத்துவிட்டு அதே ஆணியில் புதியதை மாட்டினான். “விடிஞ்சதும் கிரவுண்டுக்கு வாங்கப்பா” என்றான்.

4 ஆகஸ்ட்
போனேன். பத்துப் பந்து போட்டேன், வலது கையில். மூன்று விழுந்தது. அவனும் வலது கையில் போட்டுப் பார்த்தான், இரண்டுதான் விழுந்தது. காலக் கழிவு, தரைக் கழிவு எதுவும் இல்லாமல் என் மகனை ஜெயித்திருக்கிறேன்.

முழங்கால் வலிக்கிறது. இந்தத் தடவை நிஜமாகவே.