எங்கள் வார்டு, லேடீஸ் வார்டு

அக்டோபர் 31, சனி

காலையிலிருந்து மூடாப்பு. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நாளைக்குச் சர்ச்சுக்குக் கட்ட வேண்டிய புடவை இன்னும் ஈரம்.

குடிசைப் பஸ்திக்கு மதியம்தான் போனேன். பாலாநகர் வரை பஸ், அங்கிருந்து ஜீடிமெட்லாவுக்கு ஷேர் ஆட்டோ. ஷிப்டு முடிந்தவர்கள் மடியில் உட்காராத குறை. எல்லார் சட்டையிலும் மருந்துக் கம்பெனி நெடி.

குழாயடியில் கூட்டம். சண்டையோ என்று ஓடினேன். இல்லை, ஐதராபாத் கார்ப்பரேஷன் தேர்தல். எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தண்ணீர் டேங்கர் ஓனர் தன் மனைவியை நிறுத்துகிறாராம். பாவம் அந்தம்மா, வாசல்படி தாண்டி யாரும் பார்த்ததில்லை. கையெழுத்து அந்தம்மா போடும், கார்ப்பரேட்டர் வேலை அவர் பார்ப்பார். அப்புறம் குழாய் நிற்கும், அவருடைய டேங்கர் ஓடும். மஞ்சள் போர்வெல் தண்ணீரில் சோறு வடித்த ஜனம் இது. வருஷம் முழுக்க நாயாய் அலைந்து வாங்கிய குழாய்!

யாதம்மா நின்றால் ஜெயிப்பாள். பஸ்தி முழுக்க அவள் பேச்சைக் கேட்கும். ஆனால் அவளுக்குப் பிள்ளைகள் மூன்று. இரண்டுக்கு மேல் இருந்தால் நிற்கக்கூடாது, சட்டம். "அந்தா வீடி வல்லே" என்று கடைக்குட்டி முதுகில் ஒன்று வைத்துவிட்டுச் சிரித்தாள். எல்லாம் இவனாலேதான் என்று அர்த்தம். அவன் பாட்டுக்கு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நுவ்வே நிலபடு, அக்கா." நீயே நில்லு என்கிறார்கள். நான் சிரித்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 1, ஞாயிறு

பிரசங்கம் நீளம். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

இந்த நேரம் போன வருஷம் நான் எப்படி இருந்தேன்? கம்பெனியில் புராஜெக்ட் இல்லை. ஏ.சி.யில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தேன். பாதிச் சம்பளத்தில் ஒரு வருஷம் தொண்டு நிறுவனத்துக்குப் போகலாம், சீட் காத்திருக்கும் என்று மெயில் வந்தது. போகாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. சேவை மனப்பான்மை ஒரு மண்ணும் கிடையாது எனக்கு. வேலை தப்பினால் போதும் என்று இந்தப் பஸ்திக்கு வந்தேன்.

நிற்கக்கூடாது, ஏனென்றால்: டிசம்பரில் திரும்பக் கூப்பிடுகிறார்கள். தெலுங்கு பேசத்தான் வரும், எழுத வராது. அம்மா. அப்பா. மறுபடி அம்மா.

நிற்கலாம், ஏனென்றால்: குழாய் கேட்டு வாட்டர் ஆபீசுக்குப் போன அன்றைக்கு அந்த இன்ஜினியர் "உங்க லீடர் யாரு?" என்று கேட்டார். அத்தனை பேரும் குடத்தோடு என் பக்கம் திரும்பினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே. யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 3, செவ்வாய்

பால் திரிந்துவிட்டது. கறுப்புக் காப்பி.

வீட்டில் சொன்னேன். அம்மா தோசைக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? செவத்துல போஸ்டரப் பாத்தா எவன் பொண்ணு பாக்க வருவான்?"

அப்பா பேப்பரை மடித்தார். விமான பாக்டரியில் முப்பது வருஷம் யூனியன் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷர். கத்துவார் என்றுதான் நினைத்தேன்.

"வேலைய விடப்போறியா?"

"ஆமாப்பா."

"யோசிச்சுதான் சொல்லுதியா?"

"ஆமா."

"அப்ப செய். ஓட்டுக் கேக்க எல்லாம் என்னக் கூப்பிடக்கூடாது, கேட்டியா?"

அப்பாவிடமிருந்து இது ஆசீர்வாதம். எழுந்து பின்பக்கம் போய்க் கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

நிற்கப்போகிறேன். ராஜினாமா மெயில் அடித்துவைத்தாயிற்று. மனுப் போட்ட பிறகு அனுப்பணும். பச்சைச் சில்க் காட்டனா, கதரா? கதர் நடிப்பாக இருக்கும். பச்சை.

நவம்பர் 5, வியாழன்

நாசமாய்ப் போயிற்று.

பஸ்தியிலிருந்து யாதம்மாவும் ரேணுகாவும் கூட வந்தார்கள். முனிசிபல் ஆபீசில் கிளார்க் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "ஆயியே மேடம்!" போன ஜூலையில் பஸ்தி முழுக்கப் புது வாக்காளர் பாரம் எழுதி, போட்டோ ஒட்டி, இதே மேசையில் கட்டுக்கட்டாய்க் கொண்டுவந்து வைத்தவள் நான்தானே. டீ சொன்னார். மனுவை எடுத்துக் கொடுத்தார். முதல் கட்டத்தில் பேர். எழுதினேன். அடுத்தது, வாக்காளர் பட்டியலில் வரிசை எண்.

"நம்பர் போலோ மேடம்."

எனக்கு நம்பர் இல்லை. ஐதராபாத்தில் எந்தப் பட்டியலிலும் நான் இல்லை. இங்கேயே பிறந்தேன், இங்கேயே படித்தேன், இங்கே எனக்கு ஓட்டு இல்லை. பேர் சாத்தான்குளம் பக்கம் அப்பா ஊரில் இருக்கிறது. பெரியப்பா பார்த்துக்கொள்கிறார்.

நகரத்துக்குள் எங்கே பேர் இருந்தாலும் போதும், தேடித் தருகிறேன் என்று அந்த மனிதர் நிஜமாகவே தேடினார். எங்கள் தெருவில் எதிர்வீட்டு மாமி பேர் இருக்கிறது. இப்போது சேர்க்கலாமா என்று கேட்டேன். பட்டியலை மூடியாயிற்றாம். அவருக்கே சங்கடம். டீயைக் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் யாதம்மா கேட்டாள்: "மாகந்தரிகி ராசாவு, நீகு ராஸுகோலேதா அக்கா?" எங்கள் எல்லாருக்கும் எழுதினாயே, உனக்கு எழுதிக்கொள்ளவில்லையா. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பாய்ந்தேன்.

"நம்ம ஓட்டு ஊர்லல்லா இருக்கு" என்றார், ரேஷன் கடை எங்கே என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

"ஒரு தடவையாவது ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டிருக்கீங்களாப்பா?"

"லீவு கெடைக்கணும்லா."

"ரிட்டயர்டு ஆயி நாலு வருஷம் ஆச்சு!"

அம்மா நடுவில் வந்தாள். சாப்பிடவில்லை நான். அப்பாவும்.

நவம்பர் 6, வெள்ளி

தூக்கம் இல்லை. அப்பாவைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்கு இருபத்தெட்டு வயசு. ஜூலையில் பாரக்கட்டு என் மடியில்தான் இருந்தது. ஒன்றை உருவி என் பேரை எழுதக் கை வரவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, தோன்றவே இல்லை. அவர்களுக்குத் தேவை, எனக்கு எதற்கு என்ற நினைப்பு. ஒரு வருஷம் வந்து செய்துவிட்டுப் போகிறவள்தானே நான். வாய் மட்டும் "நம்ம பஸ்தி, நம்ம பஸ்தி" என்று.

யாதம்மா போன். ரேணுகா நிற்கிறாளாம். பிளவுஸ் தைப்பவள், பெண் குழந்தைகள் இரண்டு, சட்டப்படி சரி. ஓட்டு இருக்கிறது. அந்தப் பாரமும் நான் எழுதியதுதான்.

நவம்பர் 7, சனி

மனுப் போட்டாயிற்று. கையெழுத்துக்கு ரேணுகா என் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ராஜினாமா மெயிலை அழித்தேன். அழித்ததும் நிம்மதியாக இருந்தது. அதற்காக என்மேல் வெறுப்பாகவும் இருந்தது.

நவம்பர் 14, சனி

சின்னம் கேஸ் அடுப்பு. நோட்டீஸ் மை கையெல்லாம்.

சாயங்காலம் கோயில் மரத்தடியில் ரேணுகா பேசினாள். பேசினாளா? "அக்கலாரா, செல்லெல்லாரா", அக்கா தங்கச்சிகளே, என்று ஆரம்பித்தாள். நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். குழாயடியில் அவள் வாய்க்குப் பயந்து ஆம்பிளைகள் சுற்றிப்போவார்கள். அந்த வாய் எங்கே போயிற்று?

எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆபீசிலும் அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் "நீ சும்மா இரு ரேணு, நான் பேசறேன்" என்று அடக்கினேன். காரியம் கெட்டுவிடுமாம். நாசூக்காகப் பேச வேண்டுமாம். இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் விட்டால் ஆபீசர் உட்காரச் சொல்வார், எனக்கும் உச்சி குளிர்ந்துவிடும். ஒரு வருஷம் கிடைத்தது. இவளை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முன்னால் தள்ளிவிட்டிருக்கலாம் நான்.

திரும்பும்போது பான் கடையில் ஒருத்தன், என் காதில் விழவேண்டும் என்றே: "அசலி கேண்டிடேட் தோ மேடம் ஹை. இஸ்கோ கைக்கு கடா கரே?" நிஜக் கேண்டிடேட் மேடம்தானாம், இவளை எதற்கு நிறுத்தினார்கள் என்கிறான். ரேணுகா காதிலும் விழுந்தது.

நவம்பர் 23, திங்கள்

ஓட்டு நாள். குளிர். அம்மாவின் ஸ்வெட்டர்.

பள்ளிக்கூடத்து வாசலில் நம் பெண்கள் வரிசை. எல்லாரும் தலைக்குக் குளித்து, பூ வைத்து, கல்யாணத்துக்கு வந்தமாதிரி. முதல் தடவை ஓட்டுப் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். யாதம்மாவின் மாமியார் கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். தோளைப் பிடித்து வாசல் வரை கூட்டிப்போனேன். கான்ஸ்டபிள் தடுத்தார்.

"மேடம், உங்க ஸ்லிப்?"

"எனக்கு இங்க ஓட்டு இல்ல."

"அப்ப இங்க என்ன வேலை? சலோ, கோட்டுக்கு அந்தாண்ட."

மரியாதையாகத்தான் சொன்னார். சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனேன். டேங்கர் ஓனர் அங்கே சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். "பைட்டியே மேடம்" என்று எனக்கும் ஒரு சேர் இழுத்துப் போட்டார். சாயங்காலம் வரை நின்றேன்.

நவம்பர் 27, வெள்ளி

தோற்றுவிட்டோம். ரேணுகா இரண்டாவது. ஓனரின் ஆட்கள் டேங்கர்மேல் ஏறிப் பட்டாசு வெடித்தார்கள்.

யாதம்மா முகத்துக்கு நேரே சொன்னாள், நீ நின்றிருந்தால் ஜெயித்திருப்போம் அக்கா என்று. ரேணுகா பக்கத்திலேயே இருந்தாள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டு, தலை நிமிராமல், "ஆமாம்" என்றாள். அதுதான் தாங்கவில்லை.

குழாய் இன்றைக்கு வரவில்லை. மோட்டார் ரிப்பேராம்.

டிசம்பர் 1, செவ்வாய்

மாதாப்பூர், கம்பெனி. பழைய சீட், புது கீபோர்டு. ஐடி கார்டு போட்டோவில் நான்தானா என்று செக்யூரிட்டி இரண்டு தடவை பார்த்தான். அவ்வளவு கறுத்திருக்கிறேன்.

மதியம் எச்.ஆர். பெண் வந்தாள். சின்னப் பெண், ஒரே உற்சாகம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் பேச வேண்டுமாம். ஒரு வருஷத் தொண்டு எப்படி ஒருத்தரைத் தலைவராக்கும் என்பது தலைப்பு. உங்களைவிட யார் பொருத்தம் என்றாள். சரி என்றேன். மாட்டேன் என்றால் நூறு கேள்வி வரும்.

போஸ்டருக்குப் போட்டோ வேண்டும் என்றாள். பஸ்திப் பெண்களோடு, ஓட்டுப் போட்ட விரலை எல்லாரும் தூக்கிக் காட்டுகிற மாதிரி, நடுவில் நான். மை இன்னும் போயிருக்காதே மேடம், உங்க விரலை இங்கேயேகூட எடுக்கலாம் என்று என் கையைப் பிடித்துத் திருப்பினாள். மற்ற கையையும் பார்த்தாள்.

"நீங்க போடலையா?" என்று கேட்டாள்.