தொட்டியில் எடுத்த சாவு

டோக்கியோ
12 செப்டம்பர் 1968

அன்புள்ள ஃபுமியே,

நீயும் சிஸுருவும் உன் அப்பா வீட்டில் நலம்தானே? யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பயப்படாதே, நாளை அனுப்பிவிடுவார்கள்.

ராட்சதப் பல்லி கடலில் விழுந்து சாகும் காட்சியை ஸ்டுடியோத் தொட்டியில் எடுத்தோம். நான்தான் பல்லி. ரப்பர் உடுப்பு தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனத்துவிட்டது, எழ முடியவில்லை. முதுகு ஜிப்பை உள்ளே இருப்பவன் திறக்க முடியாது. ஸ்டுடியோப் பட்டறையில் இதே உடுப்புகளைத் தைத்தவள் நீ, உனக்குத் தெரியாததா? கையைக் காலை அடித்தேன். டைரக்டர் ஹிராய்வா, "பிரமாதம், அப்படியே பண்ணு" என்றாராம். கேமராக்காரர்தான் சந்தேகப்பட்டுக் குதித்தார். முதுகைக் கத்தியால் கிழித்து என்னை வெளியே இழுத்தார்கள்.

ஹிராய்வா பேரிக்காயோடு பார்க்க வந்தார். "இத்தனை படத்துல நீ இவ்வளவு நல்லா செத்ததே இல்லடா" என்றார். வார்டே சிரித்தது.

உன்
குனிஹரு

நீகாட்டா
17 செப்டம்பர்

அன்புள்ள சிஸுரு அப்பாவுக்கு,

வார்டு சிரித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெருப்புக் காட்சியில் முதுகு வெந்து வந்தபோதும் இப்படித்தான் வேடிக்கை பேசினீர்கள். அதைக் கேட்கச் சகிக்காமல்தான் குழந்தையோடு இங்கே வந்தேன். ஏதோ மாமியார் சண்டை என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும்.

அண்ணனின் மீன் கிடங்கில் ஆள் தேவைப்படுகிறது. நீங்கள் வந்தால் மறுநாளே வேலை என்கிறான். அது உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் காட்சியைப் படத்திலிருந்து வெட்டச் சொல்லுங்கள்.

உங்கள்
ஃபுமியே

டோக்கியோ
3 அக்டோபர்

அன்புள்ள ஃபுமியே,

வெட்டச் சொல்லத்தான் போனேன். அதற்குள் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் இன்னொரு முறை போடச் சொன்னார்கள். இத்தனை காலம் உள்ளே இருப்பது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். படத்தில் என் பெயரையும் போடுவதாக ஹிராய்வா சொன்னார். அதன்பிறகு வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திட்டாதே.

அடுத்த உடுப்புக்கு அளவு எடுத்தாயிற்று. அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. புத்தாண்டுக்குப் படம் வருகிறது. சிஸுருவை அழைத்துப் போய் அப்பா பெயரைக் காட்டு.

உன்
குனிஹரு

நீகாட்டா
6 ஜனவரி 1969

அன்புள்ள சிஸுரு அப்பாவுக்கு,

படம் பார்த்தோம். பெயர் வந்தபோது காட்டினேன். பல்லிக்குள் இருப்பது அப்பாதான் என்றும் சொன்னேன். அவளுக்கு ஒரே பெருமை.

கடைசியில் தண்ணீருக்கு மேலே உங்கள் கை வந்தது. எதையாவது பிடித்துக்கொள்ள முடியுமா என்று தடவியது. அது நடிப்பில்லை என்று அந்தக் கொட்டகையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். சிஸுருவும் தட்டினாள். என் முழங்கையை இடித்து, "நீயும் தட்டும்மா. அப்பா செத்துட்டாரு பாரு" என்றாள்.

தட்டினேன். குழந்தை கேட்கும்போது என்ன செய்வது?

உங்களைக் கோபித்துப் பயனில்லை. அந்தக் கைதட்டலை விட்டு உங்களால் வர முடியாது. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே இருக்க முடியாது. ஏப்ரலில் சிஸுருவை இந்த ஊர்ப் பள்ளியிலேயே சேர்க்கிறேன். இங்கிருந்த உங்கள் கம்பளித் துணிகளை ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன். ஸ்டேஷனில் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபுமியே